கையடக்க டேப்லெட் செல்போனாகவும் இருக்க வேண்டுமா?

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி முதலில் தீர்மானிப்பது, மாடு எதற்கு என்பதைத்தான். உழவுக்கும் வண்டிக்கும் என்றால் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் இனங்களைத் தேடுவார். பாலுக்கு என்றால் சிந்தி, சாகிவால் அல்லது கலப்பினப் பசுவைப் பார்ப்பார். இவை தவிர தார்பார்க்கர், ஹரியானா, ஓங்கோல், காங்ரேஜ் போன்ற இருபயன் இனங்களும் உண்டு. பசு பால் தரும். காளை உழவுக்கு உதவும். ஆனால் சிறந்த பால் இனம் தரும் அளவுக்குப் பாலை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. இரண்டும் வேண்டும் என்பவர், ஒன்றில் கொஞ்சம் விட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டேப்லெட் வாங்க நினைக்கும் விவசாயிக்கும் இதே கேள்வி எழுகிறது. பயிர் நோய்ப் படங்களைப் பார்க்கவும், விலை நிலவரம் அறியவும், பிள்ளைகள் படிக்கவும் வாங்கும் டேப்லெட், பேசுவதற்கான செல்போனாகவும் இருக்க வேண்டுமா? அல்லது போன் தனி, டேப்லெட் தனி என்று வைத்துக் கொள்வது நல்லதா? பல ஆயிரம் ரூபாய் போடுவதற்கு முன் இதைத் தெளிவாகப் புரிந்து கொள்வது அவசியம்.

டேப்லெட் என்பது என்ன?

டேப்லெட் என்பது சிலேட்டுப் பலகை போன்ற சிறிய கணினி. தொடுதிரையே அதன் முகம். விரலால் தொட்டே எல்லா வேலையும் செய்யலாம். இன்று கடைகளில் பெரும்பாலும் 8 முதல் 11 அங்குலத் திரை உள்ளவை கிடைக்கின்றன. இவற்றில் இரண்டு வகை உண்டு. வைஃபை மட்டும் உள்ளது ஒரு வகை. சிம் கார்டு போடும் இடமும் சேர்ந்தது மற்றொரு வகை.

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் தானாக இணையத்தைப் பிடிக்காது. வீட்டில் இணைய இணைப்புப் பெட்டி இருக்க வேண்டும். இல்லையேல் பக்கத்தில் உள்ள செல்போன் தன் இணைப்பைப் பகிர்ந்து தர வேண்டும். இப்படிப் பகிர்வதைத்தான் ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். சிம் உள்ள டேப்லெட்டுக்கு இந்தத் துணை தேவையில்லை. செல்போன் கோபுரத்தின் சிக்னல் எட்டும் இடமெல்லாம் அது தானே இணையத்தை எடுத்துக் கொள்ளும்.

போன் இல்லாமல் வந்த டேப்லெட்

இந்தக் கேள்வி இன்று புதிதாக எழுந்ததன்று. பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 2005ஆம் ஆண்டு ‘நோக்கியா 770’ என்ற சிறிய இணைய டேப்லெட்டை வெளியிட்டது. திரை 4.13 அங்குலம், மூடியோடு சேர்த்து எடை சுமார் 230 கிராம். சட்டைப் பையில் போட்டுக் கொள்ளலாம். வியப்பு என்னவென்றால், அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகமாகச் செல்போன் தயாரித்த நிறுவனம் செய்த அந்தக் கருவியில் செல்போன் இல்லை! சிம் போட இடமே கிடையாது. வைஃபை உண்டு; புளூடூத் உண்டு. வைஃபை இல்லாத இடத்தில், பையில் இருக்கும் செல்போனோடு புளூடூத் மூலம் இணைத்து, அதன் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. பேசுவதற்குக் கையில் ஏற்கெனவே ஒரு போன் இருக்கிறது. அது சிறியது, பேட்டரி நெடுநேரம் நிற்கும். படிப்பதற்குப் பெரிய திரை வேண்டும். இரண்டையும் தனித்தனியே வைத்தால் ஒவ்வொன்றும் தன் வேலையை நன்றாகச் செய்யும். ஒன்று பழையதானால் அதை மட்டும் மாற்றலாம்.

2007ஆம் ஆண்டு வந்த என்800, அதே ஆண்டு வந்த என்810 ஆகியவையும் சிம் இல்லாதவையே. என்810இல் தட்டச்சுப் பலகையும், இடம் காட்டும் ஜி.பி.எஸ். வசதியும் சேர்க்கப்பட்டன, செல்போன் மட்டும் சேர்க்கப்படவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2007 ஜூனில் ஐபோனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஏறக்குறைய அதே வடிவில், போன் இல்லாத ஐபாட் டச் கருவியை அறிவித்தது. ஆக, வாங்குபவர்கள் முன் இரண்டு வழிகளும் திறந்தே இருந்தன.

பிறகு நடந்தது என்ன?

2009ஆம் ஆண்டு இறுதியில் நோக்கியாவே தன் வழியை மாற்றிக் கொண்டது. அதே டேப்லெட் வரிசையில் வந்த என்900 கருவியில் சிம் இடமும், பேசும் வசதியும் சேர்ந்தன. ஆனால் திரை 3.5 அங்குலமாகச் சுருங்கியது. 770இல் 1,500 எம்.ஏ.எச். அளவில் இருந்த பேட்டரி, என்900இல் 1,320 எம்.ஏ.எச். ஆனது. எடை 181 கிராம். காதில் வைத்துப் பேசவும் வேண்டும், பையில் அடங்கவும் வேண்டும் என்றதும், படிக்கும் வசதியில் கொஞ்சம் போயிற்று. இருபயன் மாட்டின் கணக்கு இங்கும் பொருந்துகிறது.

ஐபாட் டச் மட்டும் நெடுங்காலம் நின்றது. 2022ஆம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே செல்போன்களின் திரை வளர்ந்து, இன்று ஆறரை அங்குலம் என்பது சாதாரணமாகிவிட்டது. அன்றைய நோக்கியா 770ஐ விட இன்றைய சாதாரணத் தொடுதிரை போன் பெரியது. சட்டைப் பை அளவுள்ள கருவியைப் பொறுத்த வரை தீர்ப்பு வந்துவிட்டது: போனே டேப்லெட்டை விழுங்கிவிட்டது.

பையில் அடங்காத பெரிய டேப்லெட்டுகளில்தான் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2010 ஏப்ரலில் வந்த ஆப்பிள் ஐபேடின் திரை 9.7 அங்குலம். முதலில் வைஃபை மட்டும் உள்ள வகையும், அதே மாத இறுதியில் சிம் உள்ள வகையும் வந்தன. ஆனால் சிம் போட்டாலும் ஐபேடில் சாதாரண போன் அழைப்பு செய்ய முடியாது. இணையம் மட்டுமே கிடைக்கும். இன்றும் அப்படித்தான்.

அதே 2010ஆம் ஆண்டு சாம்சங் நிறுவனம் வெளியிட்ட 7 அங்குல கேலக்ஸி டேப், பல நாடுகளில் போனாகவும் பயன்பட்டது. ஆனால் அமெரிக்காவில் விற்கப்பட்டவற்றில் சாதாரண அழைப்பு வசதி நீக்கப்பட்டிருந்தது. கருவி ஒன்றே; வசதி ஊருக்கு ஊர் வேறு. ஆகவே, சிம் இடம் இருக்கிறது என்பதாலேயே பேச முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தப் பாடத்தை விவசாயிகள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டின் அனுபவம்

2011 அக்டோபர் 5ஆம் தேதி புது தில்லியில் ‘ஆகாஷ்’ என்ற 7 அங்குல டேப்லெட்டை மத்திய அரசு அறிமுகம் செய்தது. மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதே நோக்கம். அதில் வைஃபை மட்டுமே இருந்தது. வைஃபை உள்ள கல்லூரியில் அது உதவும்; வைஃபை இல்லாத கிராமத்து வீட்டில் இணையத்துக்கு வழி இல்லை. அதே தயாரிப்பாளர் கடை விற்பனைக்கு அறிவித்த ‘யூபிஸ்லேட் 7+’ என்ற வகையில் சிம் இடம் சேர்க்கப்பட்டது. அதன் விலை 2,999 ரூபாய்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். நீர் இறைக்க வழி இல்லாத கிணறு வயலுக்கு உதவாது. அதுபோல இணைப்புக்குச் சொந்த வழி இல்லாத டேப்லெட், வைஃபை இல்லாத ஊரில் வெறும் கண்ணாடிப் பலகையாகவே நிற்கும். நகரத்தில் வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கலாம். வரப்பில் வைஃபை இல்லை.

பேச்சு வேறு, தகவல் வேறா?

2ஜி, 3ஜி முறைகளில் பேச்சு ஒரு வாய்க்காலிலும், இணையத் தகவல் வேறு வாய்க்காலிலும் ஓடின. பேசுவதற்கென்றே தனிப்பாதை ஒதுக்கப்பட்டது. 4ஜி முறையில் பேச்சும் தகவலாக மாற்றப்பட்டு, இணையம் ஓடும் அதே வாய்க்காலில் செல்கிறது. இதை வோல்ட்டி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். ஒரு நிமிடப் பேச்சுக்குத் தேவையான தகவல், ஒரு நிமிட வீடியோவுக்குத் தேவையானதில் ஒரு சிறு பங்குதான்.

எனவே சிம் உள்ள டேப்லெட்டில் பேசும் வசதியைச் சேர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. சிக்னல் பிடிக்கும் உறுப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அழைப்பு வசதியைக் கொடுப்பதும் கொடுக்காததும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் முடிவு. வைஃபை வகைக்கும் சிம் வகைக்கும் இடையே உள்ள சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம், சிக்னல் பிடிக்கும் அந்த உறுப்புக்காகவே.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி பாதைகள் கிடையாது. அதன் சிம்மைப் போட்டு நேரடியாகப் பேச வேண்டுமானால், கருவியில் வோல்ட்டி வசதி இருந்தே ஆக வேண்டும். 2ஜி மட்டும் உள்ள பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. எந்த சிம்மை எந்தக் கருவியில் போடப் போகிறோம் என்பதை வாங்கும் முன்பே பொருத்திப் பார்க்க வேண்டும்.

சிம் உள்ள டேப்லெட்டால் கிடைக்கும் நன்மைகள்

வயலில் நின்றபடியே பார்க்கலாம். தமிழக அரசு 2018இல் தொடங்கிய உழவன் செயலியில் மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை முதலிய விவரங்கள் கிடைக்கின்றன. நெல் இலையில் உள்ள புள்ளி குலைநோயா, செம்புள்ளி நோயா என்று படத்தோடு ஒப்பிட, ஆறு அங்குலத் திரையை விட எட்டு அங்குலத் திரை உதவும். கண் மங்கிய பெரியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வசதி.

வயலின் இருப்பிடம் தெரியும். ஜி.பி.எஸ். என்பது வானத்துச் செயற்கைக் கோள்களிலிருந்து வரும் சைகை. அதைப் பெறுவதற்கு சிம் தேவையில்லை. வரைபடத்தை இறக்கத்தான் இணையம் தேவை. ஆனால் ஐபேடில் சிம் உள்ள வகையில் மட்டுமே ஜி.பி.எஸ். இருக்கிறது. மற்ற நிறுவனங்களின் டேப்லெட்டுகளில் இது மாறுபடும். வயல் படத்தை இருப்பிடத்தோடு எடுக்க வேண்டியவர்கள் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

தொலைந்தால் தடுக்கலாம். சிம் போடும் எந்தக் கருவிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் உண்டு. கருவி திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் மூலம் அந்த எண்ணை முடக்கலாம். அதன் பின் அக்கருவி நாட்டின் எந்தச் செல்போன் நிறுவனத்தின் இணைப்பையும் பெற முடியாது. வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கு இந்த எண்ணே கிடையாது.

இரண்டு கருவிகளைச் சேர்த்துக் கட்டும் தொல்லை இல்லை. ஹாட்ஸ்பாட் போட்டால் டேப்லெட்டின் சார்ஜும் குறையும், போனின் சார்ஜும் சேர்ந்து குறையும். போனை எடுத்துக் கொண்டு வீட்டார் வெளியே போனால், டேப்லெட்டின் இணையமும் கூடவே போய்விடும்.

சேர்த்து வைப்பதால் வரும் கெடுதல்கள்

நன்மைகளை மட்டும் பார்த்து முடிவு செய்வது, விளைச்சலை மட்டும் பார்த்து விதை வாங்குவது போல் ஆகும். நோய் தாங்கும் திறனையும் பார்க்க வேண்டும் அல்லவா?

முதற் கெடுதல் சார்ஜ். டேப்லெட்டில் அதிக மின்சாரத்தைக் குடிப்பது திரை. பிள்ளைகள் மாலை முழுவதும் பாட வீடியோ பார்த்தால், இரவில் பேசச் சார்ஜ் இருக்காது. சிக்னல் குறைவாக உள்ள இடத்தில், கோபுரத்தை எட்டுவதற்காகக் கருவி அதிக சக்தியைச் செலவிடும். பேட்டரி இன்னும் விரைவாக இறங்கும். மாறாக, சிறிய பட்டன் போன் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் பல நாட்கள் நிற்கும்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன. அத்தகைய வேளையில் கோபுரம் மீண்டும் உயிர் பெறும் வரை கையில் உள்ள போன் அணையாமல் காத்திருக்க வேண்டும். பெரிய திரைக் கருவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சிறிய போனை மோட்டார் சைக்கிளிலோ, டிராக்டரிலோ, சிறிய சூரிய சக்தி விளக்கிலோ உள்ள சார்ஜ் வசதியைக் கொண்டு ஒப்பேற்றிவிடலாம்.

இரண்டாவது கெடுதல், ஒன்று போனால் எல்லாம் போவது. டேப்லெட் கீழே விழுந்து திரை உடைந்தால் படிப்பும் நின்றது, பேச்சும் நின்றது. ஒரே கிணற்றை நம்பி நஞ்சை முழுவதும் நடவு செய்தவர், மோட்டார் சுட்டுப் போன அன்று படும் பாட்டையே இங்கும் பட வேண்டும். இரவில் பாம்பு கடித்தால் 108க்கும், மாடு கன்று போட முடியாமல் தவித்தால் கால்நடை மருத்துவருக்கும் பேச வேண்டும். அதற்கு உரிய கருவி எப்போதும் எழுந்து நிற்க வேண்டும்.

மூன்றாவது கெடுதல் அளவு. எட்டு அங்குலப் பலகையைக் காதில் வைத்துப் பேச முடியாது. ஒலிபெருக்கியில் பேசினால் வங்கிக் கணக்கும், விளைச்சல் விற்ற தொகையும் டீக்கடை முழுவதும் கேட்கும். காதில் மாட்டும் கருவி வைத்துக் கொள்ள வேண்டியிருக்கும். மருந்து அடிக்கும்போதும், சேற்றில் நாற்று நடும்போதும் பலகையை இடுப்பில் செருகிக் கொள்ளவும் முடியாது. வீட்டில் கிடக்கும் போன், வயலில் நிற்பவருக்கு உதவாது.

வாட்ஸ்ஆப் போதாதா?

வைஃபை டேப்லெட்டிலும் வாட்ஸ்ஆப் மூலம் பேசலாமே, தனியாகப் போன் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. வாட்ஸ்ஆப் வைத்திருக்கும் இன்னொருவரோடு பேசத்தான் அது உதவும். 108 எண்ணை அதில் அழைக்க இயலாது. 2004 முதல் நடந்து வரும் கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசி, தமிழிலேயே விவசாயச் சந்தேகம் கேட்கலாம். அதற்கும் சாதாரண அழைப்பே வேண்டும். இணையம் நின்று போன வேளையிலும் சில இடங்களில் சாதாரணப் பேச்சு மட்டும் கிடைப்பதுண்டு. ஆகவே குடும்பத்தில் ஒரு கருவியாவது நேரடியாக எண்ணைத் தட்டிப் பேசும் கருவியாக இருக்க வேண்டும்.

ஓ.டி.பி. எண்ணின் முக்கியத்துவம்

இன்று செல்போன் எண் என்பது பேசுவதற்கு மட்டும் உரியதன்று. வங்கிக் கணக்கு, ஆதார், பயிர்க் காப்பீடு, மானியப் பதிவு எல்லாவற்றிலும் அது சேர்ந்துள்ளது. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் வருகிறது. அதற்கான இ-கே.ஒய்.சி. சரிபார்ப்பை இணையத்தில் செய்யும்போது, ஆதாரில் பதிந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் செயல்படாவிட்டால் பொதுச் சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்கவோ, முக அடையாளம் காட்டவோ வேண்டும். சரிபார்ப்பு முடியாத வரை தவணையும் நிற்கும்.

வங்கி எண் உள்ள சிம்மைப் பிள்ளைகள் விளையாடும் டேப்லெட்டில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? வந்த ஓ.டி.பி.யைப் பெரியவர் பார்க்க முடியாது. பார்க்கக் கூடாதவர் பார்த்துவிடவும் கூடும். டேப்லெட் காணாமல் போனால் திரையும், எண்ணும் ஒரே கையில் சிக்கிவிடும். எனவே வங்கி எண்ணுக்குரிய சிம் குடும்பத் தலைவரின் சொந்தப் போனில் இருப்பதே பாதுகாப்பு.

இதில் ஒரு சிறு சிக்கலும் உண்டு. யு.பி.ஐ. பணச் செயலியை ஒரு கருவியில் பதிவு செய்யும்போது, வங்கி எண்ணின் சிம் அதே கருவியில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போகும். எனவே டேப்லெட்டில் வேறு சிம் இருந்தால் அதில் இந்தச் செயலியைப் பதிய முடியாது. அதனால் நட்டமில்லை. பட்டன் போனிலேயே *99# முறையிலும், 2022இல் வந்த யு.பி.ஐ. 123பே முறையிலும் பணம் அனுப்பலாம். பணம் ஒரு கருவியில், படிப்பு வேறு கருவியில் என்று பிரிந்திருப்பது நல்லதே.

மூன்று ஏற்பாடுகள்

முதல் ஏற்பாடு: தொடுதிரை போன் ஒன்று, வைஃபை டேப்லெட் ஒன்று. போனின் ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட் இயங்கும். ரீசார்ஜ் ஒரு சிம்முக்கு மட்டும் போதும். போன் எப்போதும் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கோ, வீட்டில் வைஃபை உள்ளவர்களுக்கோ இது சிக்கனம். போன் வைத்திருப்பவர் பகலெல்லாம் வயலில் இருந்தால் இது ஒத்து வராது.

இரண்டாவது ஏற்பாடு: பேசும் வசதியுள்ள டேப்லெட் ஒன்று மட்டும். செலவு குறைவாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன கெடுதல்கள் மூன்றும் இதில்தான் உள்ளன. இதை மட்டும் நம்பியிருப்பது நல்லதன்று.

மூன்றாவது ஏற்பாடு: பட்டன் போன் ஒன்று, சிம் உள்ள டேப்லெட் ஒன்று. வங்கி எண் பட்டன் போனில். இணையத்துக்கான வேறு சிம் டேப்லெட்டில். பட்டன் போன் வாங்கப் பெருந்தொகை வேண்டாம். 2023இல் 4ஜி பட்டன் போன் ஒன்று 999 ரூபாய்க்கே விற்பனைக்கு வந்தது. ஆனால் இவ்வகைப் போன்கள் சில, விற்கும் நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு சிம் என்றால் இரண்டு ரீசார்ஜ் ஆகுமே என்ற கவலை நியாயமானது. அதற்கும் ஒரு வழி பிறந்துள்ளது. டிராய் அமைப்பு 2024 டிசம்பரில் பிறப்பித்த விதிப்படி, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜ் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும். பட்டன் போனுக்கு அத்தகைய திட்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஏற்கெனவே தொடுதிரை போன் வைத்திருந்து, அதன் திரையே போதுமென்று இருப்பவர்கள் டேப்லெட் வாங்கவே வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு உரம் வாங்கலாம். பிள்ளைகளின் படிப்பு, கண் பார்வைக் குறைவு, குழுவாக அமர்ந்து வீடியோ பார்க்கும் தேவை இவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டுமே டேப்லெட் பயன் தரும். நான்கைந்து பேர் உள்ள உழவர் குழு ஒன்று சேர்ந்து ஒரு டேப்லெட் வைத்துக் கொள்வதும் நல்ல யோசனை.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பெட்டியின் மேல் ‘4ஜி’ அல்லது ‘5ஜி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் பணம் கொடுக்கக் கூடாது. சொந்த சிம்மைக் கையோடு கொண்டு போக வேண்டும். அதைக் கருவியில் போட்டு, எண் தட்டும் பலகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் பேச முடியாது என்று பொருள். இருந்தால் கடையிலிருந்தே வீட்டுக்கு ஓர் அழைப்பு செய்து பார்க்கலாம். வீட்டிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லி, அது வந்து சேருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு இணையம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். வரைபடத்தைத் திறந்து, நிற்கும் இடம் சரியாகக் காட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கொண்டு போய்த் திரை தெரிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். கடை விளக்கில் பளிச்சென்று தெரிவது வரப்பில் தெரியாமல் போகலாம். தமிழ் எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்பதையும், பழுது பார்க்கும் நிலையம் அருகில் உள்ள நகரத்தில் உண்டா என்பதையும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

வாங்கிய அன்றே *#06# என்று தட்டினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். எண் தட்டும் பலகை இல்லாத டேப்லெட்டில் இதை அமைப்புப் பகுதியிலும், பெட்டியின் மேலும் காணலாம். அதை நிலப்பட்டா வைத்திருக்கும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். திரைக்கும் சிம்முக்கும் ரகசிய எண் பூட்டுப் போடுவது நல்லது.

முடிவு

டேப்லெட் செல்போனாகவும் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, சிறு விவசாயியைப் பொறுத்த வரை பதில் இரண்டு பகுதியாக உள்ளது. டேப்லெட்டில் சிம் இடம் இருப்பது நல்லது; வைஃபை இல்லாத வயலில் அதுவே அதற்கு உயிர். அதில் பேசவும் முடிந்தால் இன்னும் நல்லது. ஆபத்துக்கு ஓர் இரண்டாவது வழியாக இருக்கும். ஆனால் வீட்டின் பேச்சும் வங்கி எண்ணும் அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. சிறிய போன் ஒன்று சார்ஜோடு எப்போதும் தனியே இருக்க வேண்டும்.

மின்மோட்டார் போட்ட பிறகும் சில வீடுகளில் கிணற்றடியில் கயிறும் வாளியும் தொங்குவதைக் காணலாம். மின்சாரம் நின்ற நாளில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அந்த வாளிதான். பட்டன் போனையும் அவ்வாறே எடுத்து எறியாமல் வைத்திருக்க வேண்டும்.